வேப் பேட்டரி: உள்ளேயே பொதிந்ததா, கழற்றி மாற்றுவதா?

வேப் (இ-சிகரெட்) வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் தேடுவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண்ணைத்தான். 1500 என்று போட்டிருந்தால் 800-ஐ விட நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் அரைக் கணக்கு. எத்தனை வாட்டில் இழுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே பொதிந்த பேட்டரியா, கழற்றி மாற்றும் செல்லா என்பதற்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். மீதிக் கால்வாசி, ஒரு செல்லைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு உண்டா என்பது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 800 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 3 வாட்-அவர், அதாவது சுமார் 10,650 ஜூல். 15 வாட்டில் 3 விநாடி இழுத்தால் 45 ஜூல் செலவு. சர்க்யூட்டில் பத்து சதவீதம் வீணாவதையும் சேர்த்தால் 50. ஆக ஒரு சார்ஜுக்கு இருநூறு இழுப்புக்குச் சற்று மேல். அதே பேட்டரியை 40 வாட்டில் ஓட்டினால் ஒரு இழுப்புக்கு 133 ஜூல், எண்பது இழுப்போடு சரி. கழற்றி மாற்றும் உருளை வடிவ 18650 செல் ஒன்று, 2500 எம்ஏஎச் உள்ளது, அதே 40 வாட்டில் 240 வரை தாங்கும். இவை காகிதக் கணக்கு. செல் பழையதானாலும் குளிரில் இருந்தாலும் நிஜத்தில் குறையும். ஆனால் விகிதம் மாறாது.

அதனால் சிகரெட் போலவே முதலில் வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடுகிற எம்டிஎல் ஆட்களுக்கு, 10 முதல் 20 வாட்டுக்குள் ஓடுகிற பாட் கருவியில் (லிக்விட் நிரம்பிய சிறு குப்பியான பாட்டை மாட்டும் சின்ன வேப்) உள்ளே பொதிந்த பேட்டரி தாராளமாகப் போதும். 40 வாட்டைத் தாண்டி நேராக நுரையீரலுக்கு இழுப்பவர்களுக்குக் கழற்றும் செல்தான் சரி. நடுவில் 25 முதல் 35 வாட் வரை இருப்பவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். அவர்களுக்குத்தான் கீழே வரும் விவரங்கள் அதிகம் உதவும்.

முதலில் பொதிந்த பேட்டரி. சின்னக் கருவிகளில் பெரும்பாலும் தட்டையான லித்தியம் பாலிமர் பை இருக்கும். பெரிய சிலவற்றில் 18650 செல்லையே ஒயரோடு வெல்ட் செய்து மூடியிருப்பார்கள். எதுவானாலும் சார்ஜ் சைக்கிள் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: 300 முதல் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கும். தினம் ஒரு முறை சார்ஜ் போட்டால் பத்து முதல் பதினாறு மாதம் வரும். தினம் இரண்டு முறை என்றால் ஐந்து முதல் எட்டு மாதம். பேட்டரி சின்னதாக இருந்தால் அடிக்கடி சார்ஜ், அடிக்கடி சார்ஜ் என்றால் சீக்கிரக் கிழடு. கருவியின் ஆயுளும் அதோடு முடிந்தது. இதனால்தான் ஒரே விலை, ஒரே அளவு என்றால் கூடுதல் எம்ஏஎச் உள்ளதை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் பொதிந்த கருவிகள் பலவற்றில் பேட்டரிக்கு முன்பே செத்துப்போவது சார்ஜிங் போர்ட்தான். கேபிளைச் செருகியபடியே கருவியைத் தூக்கி இழுத்து இழுத்து, போர்ட்டைப் பிடித்திருக்கும் சால்டர் இணைப்பு விரிசல் விடும். கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் விளக்கு எரியும் என்ற நிலை வரும். அடுத்தது லிக்விட் கசிவு. பாட்டின் அடியில் ஒழுகுவது காண்டாக்ட் ஊசிகள் வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ உள்ளே இறங்கி, இழுப்பை உணரும் சென்சாரை நனைத்துவிடும். யாரும் இழுக்காமலே கருவி தானாகச் சூடாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். உடனே பாட்டைக் கழற்றி, ஆஃப் செய்து, பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மறுபடியும் அப்படியே செய்தால் அந்தக் கருவியை விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, கேபிள் விஷயம். சில மலிவான கருவிகளில் யூஎஸ்பி-சி போர்ட் இருக்கும், ஆனால் அதற்குள் வைக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டையும் வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். அந்தக் கருவி இரண்டு முனையும் சி ஆக இருக்கும் கேபிளில் சார்ஜே ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி-ஏ உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

இனி கழற்றும் செல். பெயரே அளவைச் சொல்லிவிடும்: 18650 என்றால் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. 21700 என்றால் 21-க்கு 70. அடுத்துப் பார்க்க வேண்டியது ஆம்ப்ஸ், அதாவது செல் தொடர்ந்து தரக்கூடிய கரன்ட். சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 ஆம்ப்ஸ். எல்ஜி எச்ஜி2 3000 எம்ஏஎச், 20 ஆம்ப்ஸ். முன்பு சோனி, இப்போது முராட்டா என்று வரும் விடிசி6 3000 எம்ஏஎச், 15 ஆம்ப்ஸ். இவை நேர்மையான எண்கள். 18650 செல்லின் மேல் 5000, 9900 என்றெல்லாம் எழுதியிருந்தால் அது கலர் காகிதம் சுற்றிய பொய். கையில் எடுத்தாலே தெரியும்: நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும், போலி பஞ்சு மாதிரி இருக்கும்.

ஆம்ப்ஸ்தான் இங்கே உயிர்நாடி. ரெகுலேட்டட் மாடில், அதாவது கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ள, செல் போடும் வேப் கருவியில், கணக்கு இது: வாட்டை 3.2-ஆல் வகுத்து, வந்ததை 0.9-ஆல் வகுக்க வேண்டும். 3.2 என்பது பேட்டரி தீரும் தறுவாயில் உள்ள வோல்ட், 0.9 சர்க்யூட்டின் திறன். முழுச் சார்ஜின் 4.2 வோல்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் வோல்ட் இறங்க இறங்க அதே வாட்டைத் தர மாட் கூடுதல் கரன்ட்டை உறிஞ்சும். ஒரு செல்லில் 40 வாட் என்றால் 14 ஆம்ப்ஸ். 80 வாட் என்றால் கிட்டத்தட்ட 28. மேலே சொன்ன மூன்று செல்லுமே அதற்குத் தாங்காது. இரண்டு செல் போடும் மாடில் வாட் இரண்டாகப் பிரியும், ஆக 80 வாட் சுகமாக ஓடும். 20 ஆம்ப் செல்லுக்குத் தலைக்கு 55 வாட், 15 ஆம்ப் செல்லுக்கு 40 வாட் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரட்டைச் செல் மாடின் பெட்டியில் 200 வாட் என்று அச்சடித்திருப்பது விளம்பரத்துக்கு. செல்லுக்கு 34 ஆம்ப்ஸ் தாண்டும் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் மாட் பற்றி நான் சொல்வது ஒரே வரி: ஓம் விதியைத் தூக்கத்திலும் சொல்லத் தெரியாதவர் தொடக் கூடாது.

செல்லை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அந்த உருளையின் உலோக உடம்பு முழுவதும் மைனஸ். அடியும், பக்கவாட்டும், மேல் விளிம்பும் எல்லாமே. பிளஸ் என்பது மேலே நடுவில் இருக்கும் சிறு வட்டம் மட்டும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய வளையமும், கலர் பிளாஸ்டிக் உறையும்தான். மேல் விளிம்பில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தால் போதும், மாடின் உலோகச் சுவரிலோ பையில் கிடக்கும் சாவியிலோ பட்டு ஷார்ட் ஆகிவிடும். வேப் பேட்டரி வெடித்தது என்று கேள்விப்படுகிறவற்றில் பாக்கெட்டில் சில்லறையோடு கிடந்த உதிரிச் செல் அடிக்கடி வருகிறது. செல்லுக்குப் பிளாஸ்டிக் டப்பா வேண்டும், மறுபேச்சே இல்லை.

கிழிந்த உறையை மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. பழைய உறையைப் பிளஸ் முனையிலிருந்து தள்ளி, அடிப்பக்கமாக நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ கிழித்து உரியுங்கள், கத்தி வேண்டாம். மேலே இருக்கும் வளையம் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதைப் பிடித்து மறுபடியும் பிளஸ்ஸைச் சுற்றி உட்கார வையுங்கள். கிழிந்திருந்தால் புது வளையம். புது உறையை மாட்டும்போது இரண்டு முனையிலும் சமமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடி உலர்த்தும் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் செல்லை உருட்டிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் சுருங்கிப் பிடிக்கும். லைட்டர் வைத்துச் சுருக்குகிறவர்களை என்ன சொல்வது!

இரட்டைச் செல் மாடுக்கு, ஒரே பிராண்டில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி வேண்டும். இரண்டிலும் 'அ' என்று எழுதி, கடைசி வரை ஒன்றாகவே சார்ஜ் ஏற்றி ஒன்றாகவே பயன்படுத்துங்கள். இடத்தை மட்டும் அவ்வப்போது மாற்றிப் போடலாம். சீரிஸில், அதாவது செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும்போது, ஒன்று பழையதாக இருந்தால் அது முதலில் காலியாகி, மற்றதன் அழுத்தத்தில் அளவுக்கு மீறி இறங்கும். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேரும் பேரலல் மாடில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் நேரடி ஷார்ட். போடும் முன் குறியைப் பார்ப்பது ஒரு நொடிதான். டார்ச்சுக்கு விற்கும் 'புரொடெக்டட்' செல்லை வாங்காதீர்கள். நீளம் கூடி உள்ளே போகாது, போனாலும் அதன் சர்க்யூட் கரன்ட்டை வெட்டிவிடும்.

சார்ஜ் ஏற்றத் தனிச் சார்ஜர் நல்லது. 18650-க்கு அரை முதல் ஒரு ஆம்ப். அவசரத்துக்கு இரண்டில் போட்டால் செல் சுடும், சைக்கிள் குறையும். மாடின் யூஎஸ்பி அவசரத்துக்கு மட்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து, பிறகு சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகலாம். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா வைப்பதென்றால் 3.7 வோல்ட் வாக்கில், பாதிச் சார்ஜோடு வைத்துவிடுங்கள். பொதிந்த கருவிக்கும் இதே விதிதான்: காலியாக டிராயரில் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் பல சமயம் திரும்ப எழுந்திருக்காது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: சாம்சங், எல்ஜி போன்றவர்களே தங்கள் 18650 செல்லைத் தனிச் செல்லாக வேப்பில் போட வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். பாதுகாப்புச் சர்க்யூட்டோடு கட்டிய பேக்குக்குள் இருக்கத்தான் அவை செய்யப்படுகின்றன. கழற்றும் செல்லை எடுக்கும்போது அந்தச் சர்க்யூட்டின் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழுகிறது. அது வேண்டாம் என்கிறவர் 25 வாட்டில் பொதிந்த கருவியோடு நிற்பதே மேல். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் 30 வாட்காரர்களுக்கு என் ஓட்டு ஒற்றைச் செல் மாடுக்கு. 11 ஆம்ப்ஸுக்குள் ஓடும், செல் கிழடானால் செல்லை மட்டும் மாற்றலாம், போர்ட் உடைந்தாலும் சார்ஜர் இருக்கிறது.

விமானத்தில் இரண்டு வகையுமே செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பைதான். உதிரிச் செல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்க வேண்டும், உள்ளே சார்ஜ் போடக் கூடாது. போய் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். சிங்கப்பூரில் வேப் கையில் வைத்திருப்பதே குற்றம்.

கருவியின் பக்கம் உப்பினாலோ, மூடி விலகினாலோ, இனிப்பான கரைப்பான் வாசனை வந்தாலோ அதைச் சார்ஜில் போடாமல், குத்தாமல், எரியாத இடத்தில் தனியாக வையுங்கள். பிறகு பேட்டரி சேகரிக்கும் இடத்துக்குத்தான், குப்பைத் தொட்டிக்கு அல்ல. உதிரிச் செல் என்றால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுத்துவிடலாம். பொதிந்ததை முழுக் கருவியாகத்தான் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி விதிப்படி, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. சில விலக்குகள் தவிர, அங்கே விற்கும் கருவிகளின் அடியில் அதன்பிறகு ஸ்க்ரூ தெரிய ஆரம்பிக்க வேண்டும்.