ஹெரெபோர்டின் தகப்பன்

அக்டோபர் 3
வலது கண்ணில் மருந்து விட்ட பிறகு இரண்டு மணி நேரம் படிக்கக் கூடாது. படித்தேன்.

அக்டோபர் 4
ஜெர்மனியின் முதல் சான்சலர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க்கைப் பிடித்துக்கொண்டு அவருடைய வம்சத்தில் பின்னோக்கி நடப்பது எளிது. 1815இல் ஷோன்ஹவுசனில் பிறந்தவர். அந்த ஊர் குடும்பத்துக்கு வந்தது 1562இல். அதற்கு முன் அவர்களுடையது புர்க்ஷ்டால், காடு சூழ்ந்த கோட்டை. அந்தக் காட்டை பிராண்டன்பர்க் அரச குடும்பம் தன் வேட்டைக்காக விரும்பியது. பிஸ்மார்க்குகளை நெருக்கி வாங்கிக்கொண்டு, ஷோன்ஹவுசனையும் கிரெவேசேயையும் மாற்றாகக் கொடுத்தது. 217 ஆண்டுகள் ஆண்டு அனுபவித்த மண். வண்டியில் சாமான் ஏற்றிய நாளில் அந்த வீட்டுக் கிழவிகள் என்ன பேசியிருப்பார்கள்?

அக்டோபர் 6
மழை. சிகிச்சைக்கான தேதி வரவில்லை.

அக்டோபர் 9
1270. பிராண்டன்பர்க்கின் ஷ்டெண்டால் நகரத்து ஜவுளி வணிகர் சங்கத் தலைவர்களில் ஒருவராக ஹெரெபோர்ட் ஃபான் பிஸ்மார்க். குடும்பத்தின் முதல் பெயர் இதுதான். இவருக்குத் தகப்பன் இல்லை. ஏட்டில் இல்லை என்கிறேன். 'துணி வெட்டுபவர்' என்ற ஜெர்மன் சொல்லைப் பார்த்துவிட்டு அவரைத் தையல்காரர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்தது. ஊசி பிடித்தவர் அல்லர். முழுச் சுருளிலிருந்து அளந்து கிழித்து விற்கும் உரிமை பெற்ற பெரிய வணிகர். நகரத்தின் ஆட்சியே அந்தச் சில வீடுகளின் கையில்தான் இருந்தது.

பெயரில் உள்ள 'ஃபான்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. அந்த நூற்றாண்டில் அது பிரபுப் பட்டம் அல்ல, ஊர்ப் பெயர். ஷ்டெண்டாலுக்கு மேற்கே பிஸ்மார்க் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து வந்தவர், அவ்வளவுதான். யாருடைய மகனாக வந்தார்?

அக்டோபர் 10
இடது கண்ணும் உறுத்துகிறது.

அக்டோபர் 12
அக்கா அழைத்தாள். "யார் வீட்டு வம்சத்துக்கோ நீ எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 14
ஷ்டெண்டால் போய் வந்தேன். மரியன்னை ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வெயிலில் செங்கல் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றினால் நான்கு கோபுரங்கள். சந்தைத் திடலில் நெடுநேரம் நின்றேன். இங்கேதான் எங்கோ அளந்திருப்பார்.

அக்டோபர் 17
கிளாஸ் ஃபான் பிஸ்மார்க், ஹெரெபோர்டுக்குப் பின் வந்தவர். 1345இல் கைவினைச் சங்கங்கள் கிளர்ந்தெழ, பழைய பணக்கார வீடுகளோடு இவரும் ஷ்டெண்டாலை விட்டு வெளியேற்றப்படுகிறார். அதே ஆண்டில் பிராண்டன்பர்க்கை ஆண்ட மார்க்கிரேவ் லுட்விக் இவருக்குப் புர்க்ஷ்டால் கோட்டையை மானியமாகத் தருகிறார். துரத்தப்பட்ட வணிகர் கோட்டை உடையவராகிறார். துணியில் வந்த பணமும் அரசவைச் செல்வாக்கும் மண்ணாக மாறிய இடம் இது. இந்த வம்சத்தில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் இவர்தான். இவருக்குத் தகப்பன் உண்டு, பாட்டன் உண்டு. ஹெரெபோர்டுக்கு மட்டும் இல்லை.

அக்டோபர் 18
தேதி வந்துவிட்டது. 23.

அக்டோபர் 20
தூங்கவில்லை. ஷோன்ஹவுசன் மாளிகையை 1958இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். குடும்பச் சின்னம் மூவிலைத் தீவனப்புல், அதன் இடுக்குகளில் மூன்று ஓக் இலைகள். கண்ணை மூடினால் அந்த இலைகள்தான் தெரிகின்றன. பிறகும் இது தெரியுமா என்று மருத்துவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அக்டோபர் 21
பழைய சாசனங்களில் வரும் சாட்சிகளின் பெயர்ப் பட்டியல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வரலாற்றாசிரியர் ரீடல் 1838 முதல் தொகுத்து அச்சிட்ட பிராண்டன்பர்க் சாசனங்கள். முதலில் பாதிரிமார், பிறகு பிரபுக்கள், கடைசியில் நகரத்தார். எந்த இடத்தில் பெயர் வருகிறதோ அதுவே அவன் தகுதி. உருப்பெருக்கியை மேலும் கீழும் நகர்த்தி நகரத்தார் வரிசைகளை மட்டும் படிக்கிறேன். பிஸ்மார்க் என்ற அந்த ஊரின் பெயர் ஒட்டிய ஓர் ஆள் போதும். ஒரே ஓர் ஆள்.

அக்டோபர் 22
நாளை காலை ஏழு மணிக்குப் போய்விட வேண்டும், வெறும் வயிற்றோடு. 1250களின் பக்கங்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன.