மொறிஸ் மைனரில் சைட் மிரரைக் கதவுக்கு மாற்றுபவர்கள் இடது பக்கத்தில் கவனமாக இருங்கள்

எங்கள் மொறிஸ் மைனர் காரில் முன் மட்காட்டில் நின்ற இரண்டு சைட் மிரரையும் கதவுக்கு மாற்றினோம். வலது பக்க மிரர் பிரச்சினை இல்லாமல் ஏறிவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இடது பக்கம்தான் ஆளை அலைக்கழித்தது. கதவில் தேவையில்லாத ஓட்டைகள், பெயின்ற் செலவு, சாமான் மாற்றக் கொழும்புக்கு அலைச்சல். எல்லாவற்றுக்கும் காரணம், "ரெண்டு பக்கமும் ஒரே அளவிலை இருந்தாத்தான் வடிவு" என்று கராஜில் டேப் பிடித்து அளந்து, வலதுக்குப் போட்ட இடத்தையே இடதுக்கும் போட்டதுதான். திருகோணமலையில் இன்னும் ஓடுகிற மைனர்களில் இந்த வேலை செய்ய நினைப்பவர்கள், டிரில்லை எடுக்க முதல் இதை வாசியுங்கள்.

மாற்றுவது ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். மட்காட்டில் நிற்கும் 10 செ.மீ. வட்ட மிரர் சாரதியின் கண்ணில் இருந்து ஏறத்தாழ 1.4 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. சமதளக் கண்ணாடி என்றால், 20 மீற்றர் பின்னால் அதில் தெரியும் அகலம் ஒன்றரை மீற்றர் அளவுதான். ஒரு ஓட்டோவின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அதே மிரர் கதவுக்கு வந்து கண்ணுக்கு 60 செ.மீ. கிட்ட நின்றால் மூன்றேகால் மீற்றருக்கு மேல் தெரியும். கந்தளாய் வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறிவரும் கொழும்பு பஸ் முழுதாகத் தெரிவதற்கும், அதன் ஒரு மூலை மட்டும் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் இது. 1956க்கு முந்திய, முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த மைனர் என்றால் பின் கண்ணாடியும் சிறிது. அப்படிப்பட்ட வண்டிக்கு இது இன்னும் தேவை.

இனி இடது பக்கம். மைனரின் முன் கதவில் முக்கோணக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே ஒரு நெடுங்கம்பி இருக்கிறது. மிரர் கதவுக்கு வெளியே 12 செ.மீ. தள்ளி நிற்கிறது என்று வைப்போம். வலது பக்கத்தில் உங்கள் கண் கதவுக்குக் கிட்ட இருப்பதால், மிரரை நோக்கிப் போகும் பார்வை மிரருக்கு 15 செ.மீ. அளவு பின்னாலேயே கதவைத் தாண்டிவிடுகிறது. அந்த இடம் பெரிய கண்ணாடி, மறைப்பு இல்லை. இடது பக்கத்தில் கண் ஒரு மீற்றர் தள்ளி இருப்பதால் பார்வை மிரருக்கு 5 செ.மீ. பின்னால்தான் கதவைத் தாண்டும். அங்கேதான் கம்பி. வெளியில் நின்று பார்த்தால் இரண்டு மிரரும் ஒரு கோட்டில் அழகாக நிற்கும். உள்ளே இருந்து பார்த்தால் இடது மிரரை நடுவில் கீறியது போல் கம்பி ஓடும். கராஜில் "தலையைக் கொஞ்சம் சரிச்சுப் பாருங்கோ, பழகிடும்" என்றார்கள். பழகாது. சைக்கிள்காரர் அந்தக் கம்பிக்குள்தான் ஒளிந்து வருவார்.

இரண்டு வழி உண்டு. மிரரைப் பின்னால் தள்ளிப் பெரிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது ஒன்று. அப்படிச் செய்தால் கழுத்தை அதிகம் திருப்ப வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே மறைந்துவிடும். மற்றது 7, 8 செ.மீ. முன்னால் கொண்டுபோய் முக்கோணக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. இதுதான் சரி. ஆனால் முக்கோணக் கண்ணாடியைத் திறந்தால் அதன் பின் விளிம்பு வெளியே வந்து மிரரின் தண்டில் மோதும். உள்ளே ஒரு இறப்பர்த் துண்டை ஒட்டித் திறப்பை மட்டுப்படுத்தலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கண்ணாடி முழுதாகத் திறக்காதது ஒரு குறைதான், ஒத்துக்கொள்ள வேண்டும். மாரியில் இன்னொரு குறை: மட்காட் மிரரை வைப்பர் துடைத்த கண்ணாடி வழியாகப் பார்த்தோம், இப்போது முக்கோணக் கண்ணாடியில் துளி துளியாக மழை நிற்கும். வெளியூர் போக முதல் அதை உள்ளும் புறமும் துடைத்துவிடுங்கள்.

இடதுக்குக் குவிவு மிரர் போடுங்கள். கதவுக்கு வந்த பிறகும் கண்ணுக்கும் அதற்கும் 1.2 மீற்றர் இருக்கிறது, சமதளக் கண்ணாடியில் அகலம் காணாது. குவிவில் பின்னால் வருவது உண்மையில் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும், மோட்டார் சைக்கிள் என்றால் இன்னும் மோசம். வலதுக்குச் சமதளமே போதும். முந்தும்போது தூரம் மதிப்பிடுவது அந்தப் பக்கத்தால்தான்.

சாமான் வாங்குவது பற்றி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 'ஜோடி' என்று பெட்டியோடு தருவதைக் கடையிலேயே திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த பெட்டியில் இரண்டும் ஒரே பக்கத்துக்கானவை. திறந்த பெட்டியை மாற்ற மாட்டோம் என்று பிறகு ஒரு சட்டம் வேறு. அதைவிட முக்கியம், தலையின் உருண்டை மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்பது. கதவில் வலது மிரர் நேர் பின்னாலிருந்து சாரதி பக்கம் 20 பாகை அளவு திரும்பினால் போதும். இடது 30 பாகையைத் தாண்ட வேண்டும். மட்காட்டில் இடதுக்கு 20க்குள் போதும், அதனால் பழைய மட்காட் மிரரையே கழற்றி இடக் கதவில் போட்டால் பல நேரம் மூட்டு இடித்து நின்றுவிடும். கடையில் கையால் முழுதாகத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு, உப்புக் காற்றில் புள்ளி விழும். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பக்கூடாது. துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. தண்டின் அடியில் பூச்சு ஏறாத இடத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய தண்டு என்றால் மரையையும் பாருங்கள். கால் அங்குல பிரிட்டிஷ், அமெரிக்க மரைக்கு எம்6 நட்டை ஒரு சுற்றுக்கு மேல் வலிந்து ஏற்றினால் மரை போய்விடும். 6.35 மி.மீ. தண்டில் 6 மி.மீ. நட்டு எப்படி ஏறும்?

இடம் குறிக்க மட்டையில் மிரர் அளவு வெட்டி, மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டுங்கள். சாரதி வழமையாக இருக்கிறபடி சீற்றில் இருக்க, வெளியே ஒருவர் நகர்த்த வேண்டும். குறித்த பிறகு, ஓட்டை போட முதல் கதவை முழுதாகத் திறந்து மிரர் மட்காட்டில் முட்டுகிறதா என்று பாருங்கள். முன்னால் தள்ளிய இடது மிரர் முட்டத்தான் பார்க்கும். மடியும் தண்டு என்றால் நல்லது; சந்தைப் பக்கம் நிறுத்தும்போதும் உதவும்.

கதவின் உள் மட்டையைக் கழற்றாமல் துளைக்க விடாதீர்கள். மட்டை கழல முதல் உட்கைபிடிகளைக் கழற்ற வேண்டும். கைபிடியில் திருகாணி தெரியாவிட்டால், அடியில் உள்ள வளையத்தை உள்ளே அழுத்துங்கள், குறுக்கே ஒரு சிறு பின் ஆணி தெரியும், அதைத் தள்ளி எடுங்கள். கண்ணாடியை இறக்கி, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளியை வளைத்த கம்பியால் அளந்துகொள்ளுங்கள். உள்ளே நீட்டும் நட்டும் போல்டும் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தடவை கண்ணாடியை இறக்கும்போதே கீறல். துளைக்கும்போது கண்ணாடி மேலே இருக்கட்டும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு எம்5 ரிவெட் நட் (தகட்டு ஓட்டையிலேயே இறுக்கிப் பதிக்கும் நட்) என்றால் 7 மி.மீ. ஆனால் வெறும் தகட்டில் ரிவெட் நட் சுழன்றுவிடும், தகடும் அதிரும். 50இல் போகும்போது பின்னால் வருவது லொறியா வானா என்று தெரியாது. விரலால் அழுத்தினால் உள்ளே போகாத இடம், அதாவது கதவின் மேல் மடிப்புக்குக் கிட்ட, தேர்ந்தெடுங்கள். உள்ளே 1.5 மி.மீ. இரும்புத் தகடு, 10 செ.மீ.க்கு 5 செ.மீ., பெயின்ற் அடித்து இபொக்சியால் ஒட்டி, அதன் வழியாக நைலோன் வளையம் உள்ள நைலோக் நட்டில் இறுக்கினால் படம் அசையாது. அலுமினியத் தகடு வேண்டாம், கடற்கரை ஊரில் இரும்போடு சேர்ந்து அரிக்கும்.

ஓட்டையின் விளிம்பை வழித்து, துத்தநாகப் பிறைமர் பூசி, காய்ந்த பிறகே இறப்பர் வைத்து இறுக்குங்கள். சைக்கிள் ரியூப் வெட்டினாலும் போதும். இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுத்து, கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். அந்தத் தூள் உள்ளே கிடந்தால் மார்கழி மழைக்குள் கதவடியில் செந்நிறம் வடியும்.

பிழையாகப் போட்ட ஓட்டையை வெல்டிங் பண்ணச் சொன்னார்கள். மறுத்தது நல்லதாகப் போயிற்று. கதவின் பரந்த தகட்டில் சூடு பட்டால் நெளியும், உள்ளே ஒட்டியிருக்கும் தார்ப் பட்டையும் பற்றும். உள்ளிருந்து 1 மி.மீ. தகட்டை இபொக்சியால் ஒட்டி, வெளியே மெல்லிய பட்டி வைத்தால் போதும். மட்காட்டின் பழைய ஓட்டை வேறு விஷயம். அடியில் சில்லு சேறும் தண்ணீரும் அடிக்கும், வெறும் பட்டி ஒரு மாரியில் ஊதி விழும். மைனரின் முன் மட்காட் போல்டில் நிற்பது. கழற்றி மேசையில் வைத்து, துருவை வெட்டி, அதை வெல்ட் பண்ணலாம். அதுவரை மூடி இறப்பர்க் குரொமெட் ஒன்றைச் சீலன்டோடு அமத்திவிடுங்கள்.

சரிசெய்யும்போது தலையை வலது கண்ணாடிப் பக்கம் சாய்த்து, சொந்த வண்டியின் ஓரம் இலேசாகத் தெரியும்படி வலது மிரரை வையுங்கள். இடதுக்கு வண்டியின் நடுவுக்குச் சாய்ந்து அதே மாதிரி. நிலாவெளி வீதியில் ஆள் குறைந்த நேரம் ஓரமாக நிறுத்தி, கடந்து போகும் மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். நடு மிரரை விட்டுப் போக முதல் சைட் மிரரில் வந்துவிட வேண்டும். இடையில் காணாமல் போனால் இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு இறப்பர் அமர்ந்து நட்டுகள் இளகியிருக்கும், உள் மட்டையை நிரந்தரமாகப் பூட்டுவதை அதுவரை தள்ளிவையுங்கள்.