பட்டியில் இரண்டு சிலுவைகள், ஒரு பயனெட், ஒரு காகிதம்: சோதித்து வாங்கிய விதம்

ஜெர்மனியில் ஒரு பழம்பொருள் சந்தை. முதல் உலகப்போரில் போரிட்ட பவேரியச் சிப்பாய் ஒருவருடைய உடைமைகள் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை வைத்திருந்தார்கள். (பவேரியாவும் பிரஷ்யாவும் அன்றைய ஜெர்மனிக்குள் தனித்தனி மன்னரும் படையும் கொண்ட அரசுகள்.) போர் விருதான 1914 இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பும், அந்தப் போரில் பணியாற்றியோருக்கு 1934இல் ஏற்படுத்திய ஹிண்டன்பர்க் சிலுவையும் தைத்த பதக்கப் பட்டி ஒன்று, எஃகு உறையோடு 98/05 ரக பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) ஒன்று, விருதுச் சான்றிதழ் ஒன்று. தனித்தனியாக இவை எதுவும் அரிதல்ல. முதல் உலகப்போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் சுமார் 50 லட்சம் பேருக்குக் கிடைத்தது. ‘ஒரே ஆளுடையவை’ என்ற சொல்லுக்குத்தான் அங்கே கூடுதல் பணம் கேட்கிறார்கள். சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

தேவையான கருவிகள் சட்டைப்பையில் அடங்கும்: பத்து மடங்கு லூப் (சிறு உருப்பெருக்கி), வெர்னியர் அளவி, சிறு காந்தம், புற ஊதா டார்ச், நைட்ரைல் கையுறை.

முதலில் இரும்புச் சிலுவை. இந்த விருதை 1813 மார்ச் 10 அன்று பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஏற்படுத்தினார். 1870இலும் 1914 ஆகஸ்டிலும் புதுப்பித்தார்கள். அதனால்தான் 1914 சிலுவையின் ஒரு பக்கம் கிரீடம், அப்போதைய மன்னர் வில்ஹெல்மின் டபிள்யூ எழுத்து, 1914 என்றும், மறுபக்கம் ஓக் இலைக்கொத்து, எஃப் டபிள்யூ, 1813 என்றும் இருக்கும். அகலம் 42 மி.மீ. சுமார். எல்லாரும் இந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள். போலி செய்பவர்களும் முகத்தைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் விளிம்பு.

அசல் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கருப்பு வண்ணம் பூசிய இரும்பு, அதை இருபுறமும் கவ்வும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். சட்டங்கள் ஒன்றோடொன்று பற்றவைத்த கோடு பக்கவாட்டில் ஓடும். நன்றாக அராவியிருப்பார்கள், ஆனாலும் லூப்பில் எங்காவது ஓரிடத்தில் மயிரிழைபோல் தெரியும். கோடு எங்குமே இல்லையென்றால் ஒரே வார்ப்பாக ஊற்றியது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, கைகள் சந்திக்கும் நான்கு உள்மூலைகள். அச்சில் அடித்த சட்டத்தில் முத்துவரிசை மூலைவரை ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக நிற்கும். வார்ப்பில் மூலைக்கு வரும்போது முத்துகள் ஒன்றோடொன்று உருகிக் கஞ்சிபோல் கலந்துவிடும், ஊசிமுனை அளவு குழிகளும் தெரியும்.

காந்தம் நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் உடனே போலி என்று தள்ளிவிட முடியாது. வேறு உலோகம் வைத்த அசல்களும் உண்டு. ஆனால் அப்படிப்பட்டதை அனுபவம் இல்லாமல் வாங்காதீர்கள். வண்ணம் தேயும் இடமும் முக்கியம். டபிள்யூ, கிரீடம், ஆண்டு எண் ஆகிய மேடான இடங்களில்தான் இயல்பாகத் தேயும். மேடும் பள்ளமும் ஒரே சீராகத் துருப்பிடித்திருந்தால் யாரோ செயற்கையாகப் பழமை ஏற்றியிருக்கிறார்கள். வளையத்தில் சின்னஞ்சிறு முத்திரை இருக்கலாம்: கே ஓ என்றால் பெர்லின் அரச நாணயசாலை, 800 என்றால் வெள்ளியின் தரம். முத்திரையே இல்லாத அசல்களும் ஏராளம்.

பட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத் துணியில் நூலையும் ரிப்பனையும் புற ஊதா ஒளியில் காட்டினால், பாலியெஸ்டர் நூல் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். பழைய பருத்தியும் பட்டும் மங்கலாகவே இருக்கும். ஒரு விதிவிலக்கு: யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் பழைய ரிப்பனும் ஒளிரும். அதனால் ரிப்பனைவிட உள்ளே மறைந்திருக்கும் தையல் நூலை நம்பலாம். ஹிண்டன்பர்க் சிலுவை 1934 ஜூலையில் வந்ததால் இந்தப் பட்டி அதற்குப் பின்தான் தைத்திருக்க முடியும். வாள்கள் உள்ளது போர்முனையில் நின்றவருக்கு, வாள் இல்லாதது மற்றப் படையினருக்கு, கருப்பு வண்ணம் பூசியது இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும். இதில் வாள்கள் இருந்தன, நூல் ஒளிரவில்லை. பட்டி தேறியது.

பயனெட்டில் கவனிக்க வேண்டிய இடம் முதுகு. 98/05இன் அலகு சுமார் 37 செ.மீ., நுனியை நோக்கி அகன்று செல்லும். சேகரிப்போர் கசாப்புக் கத்தி என்றே சொல்வார்கள். அலகின் வேர்ப்பகுதியில் தயாரித்தவர் பெயர், முதுகில் கிரீடத்துக்குக் கீழே அரசரின் எழுத்து, அதற்குக் கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். டபிள்யூ பிரஷ்யாவுக்கு, எல் பவேரியாவுக்கு, எஃப் ஏ சாக்சனிக்கு. வூர்ட்டம்பர்க் மன்னரும் வில்ஹெல்ம் என்பதால் டபிள்யூ அங்கும் வரும். இந்தக் கத்தியில் டபிள்யூ, 15. அதாவது பவேரியப் படை ஏற்றுக்கொண்ட ஆயுதம் அல்ல. போர்க்களத்தில் கைமாறியிருக்கலாம்தான். ஆனால் ‘ஒரே ஆளுடையது’ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க இந்த முத்திரை இடம் தராது. அதைச் சொல்லி விலையைப் பிரிக்கச் சொன்னதும் பிரித்தார்கள்.

ரம்பப் பல் வைத்த பயனெட்டுக்கு விலை அதிகம் என்பதால் சாதாரண அலகில் புதிதாகப் பல் வெட்டி விற்பதுண்டு. பற்களின் பள்ளத்தை லூப்பில் பார்த்தால் அலகெங்கும் உள்ள பழுப்பு நிறம் அங்கே இருக்காது. பிசிறு விரலில் படும்.

காகிதம்தான் அதிகப் பொறுமை கேட்டது. பிரஷ்யப் படையின் ஆள் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. பவேரியாவின் போர்க்காலப் பதிவேடுகள் தப்பி, மியூனிக்கில் மாநிலத் தலைமை ஆவணக் காப்பகத்தின் போர்ப் பிரிவில் இருக்கின்றன. பெயர், பிறந்த நாள், ஊர், படைப்பிரிவு, கலந்துகொண்ட சண்டைகள், காயம், விருது எல்லாம் ஒரே வரிசையில் எழுதியிருப்பார்கள். சான்றிதழில் பவேரியப் படைப்பிரிவு இருந்தால் சரிபார்க்க முடியும். பிரஷ்யப் படைப்பிரிவு என்றால் பெரும்பாலும் முடியாது. அன்று அச்சிட்ட இழப்புப் பட்டியல்களில் (இறந்தவர், காயமடைந்தவர், காணாமல்போனவர் பெயர்கள்) பெயர் கிடைத்தால் அதுவே அதிகம். தேடும்போது பிறந்த நாளையும் ஊரையும் முதலில் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள், பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம்.

வீட்டுக்குக் கொண்டுபோவதிலும் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் பயனெட் குத்தவும் வெட்டவும் பயன்படும் ஆயுத வகையில் சேரும். 18 வயது நிரம்பியவர் வாங்கலாம், ஆனால் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில்தான் போக வேண்டும். இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைக் கொண்டுவர முடியாது.

கடைசியாகப் பராமரிப்பு. வெள்ளிச் சட்டத்தைப் பாலிஷ் போடாதீர்கள். கறுப்பேறிய நிறத்தோடு முத்துகளின் கூர்மையும் போய்விடும். அலகில் துரு மேலோட்டமாக இருந்தால் மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, கூர்சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும். உப்புத்தாள் பட்டால் முதுகு முத்திரை மழுங்கும், அதோடு மதிப்பும் போகும். பிறகு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு. தோலுறை உள்ள கத்தியாக இருந்தால் உறையையும் கத்தியையும் பிரித்தே வையுங்கள். பதனிட்ட தோலிலுள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். பட்டியைப் பி.வி.சி. உறையில் போடாமல் அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் காயவைத்து மறுபடி போடலாம்.