கொரிந்தில் ஒரு பந்தி

ஏதென்ஸிலிருந்து பழைய கொரிந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1893-ல் திறந்த கொரிந்துக் கால்வாயில் எல்லாச் சுற்றுலாப் பேருந்துகளையும் போல எங்களுடையதும் நின்றது. இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம். எனக்கு வேடிக்கை பேருந்துக்குள்தான். ஒரே கத்தோலிக்கக் கோயிலின் பங்கிலிருந்து கிளம்பிய கூட்டம்தான் நாங்கள். ஆனால் முன் சீட்டுகளில் பங்குப் பேரவைக்காரர்கள், நடுவில் பாடகர் குழு, பின்னால் யாருடனும் அதிகம் ஒட்டாதவர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூடுகிற அதே வட்டங்கள், சக்கரம் பூட்டிக்கொண்டு வந்திருந்தன.

கொரிந்தில் முதலில் கண்ணில் படுவது அப்பல்லோ கோயில். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் ஏழு தூண்கள் மட்டும் நிற்கின்றன. பின்னால் அக்ரோகொரிந்து மலை. கி.மு. 146-ல் ரோமர்கள் இந்த நகரை அழித்தார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் ஆணையிட்டு அது மறுபடி எழுந்தது. அதாவது, கிறிஸ்துவை அறிவிக்கப் புனித பவுல் வந்தபோது புது நகருக்கு ஏறக்குறைய நூறு வயதுதான். விடுதலை பெற்ற அடிமைகள், வணிகர்கள் என்று குடியேறியவர்களின் ஊர். அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியுடன் கூடாரத் தொழில் செய்துகொண்டு பவுல் இங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார். ஆளுநர் கல்லியோ முன் அவரை நிறுத்திய நீதிமேடை இன்னும் இருக்கிறது.

அந்த மேடைக்குப் பக்கத்தில்தான் ஃபாதர் விவிலியத்தைத் திறந்தார். பவுல் இந்த ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதமான கொரிந்தியர் முதல் திருமுகம் என்றால் கல்யாணங்களில் வாசிக்கிற 13-ஆம் அதிகாரம் வரும் என்று எதிர்பார்த்தோம். அவர் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடுகிறவர்களில் சிலர் முந்திச் சாப்பிட்டு முடித்து, குடித்து மயங்கிக் கிடக்க, சிலர் பசியோடு நின்றதாகப் பவுல் கோபப்படுகிற பகுதி.

அப்புறம் அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. அன்று கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கொரிந்தில் அனப்ளோகா என்ற இடத்தில் தோண்டியெடுத்த ரோமானிய வீட்டின் விருந்தறை சுமார் 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். சாய்ந்து படுத்துச் சாப்பிடும் வழக்கத்தில் அதில் ஒன்பது பேர் அளவில் இடம் கிடைக்கும். வீட்டுக்காரரின் நண்பர்கள் உள்ளே, வேலை முடித்துத் தாமதமாக வரும் அடிமைகளும் கூலிக்காரர்களும் வெளி முற்றத்தில். சண்டை இப்படித்தான் வந்திருக்கும் என்று அறிஞர்கள் சிலர் ஊகிக்கிறார்கள்.

எனக்கு அது ஊகமாகவே படவில்லை. உள்ளே இருந்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். நல்ல சிநேகிதர்கள், கலகலப்பாகப் பேசியிருப்பார்கள். சிநேகம் ஆளைப் பார்த்துத்தான் வரும், அதில் தப்பு சொல்ல முடியாது. அந்தத் திருவிருந்தை நாம் இன்று கொண்டாடும் நற்கருணையில் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. பக்கத்தில் யார் மண்டியிடுவது என்று நம்மைக் கேட்டா தீர்மானிக்கிறார்கள்? இதற்குப் பவுல் சொல்லும் வழியும் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். பந்திக்கு முந்தச் சொல்லும் நம் பழமொழிக்கு நேர் எதிர்.

நாடகக் கொட்டகை பக்கம் எரஸ்து என்ற அதிகாரி தன் செலவில் தளம் போட்டதாகச் சொல்லும் கல் இருக்கிறது. உரோமையர் திருமுகத்தில் வரும் நகரப் பொருளாளர் எரஸ்து இவர்தானா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இருந்தாலும், நகரத்துப் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஒருவரும் அடிமைகளும் ஒரே சபையில் இருந்தது திருமுகங்களிலேயே தெரிகிறது.

மதியம் உணவகத்துக்கு நடந்து போனோம். முன் சீட்டுக்காரர்கள் முதலில் போய் உட்கார்ந்தார்கள், தட்டுகளும் வந்துவிட்டன. மூட்டுவலிக்கார அக்கா ஒருவர், கல் பாதையில் கைத்தடியை ஊன்றி ஊன்றி, கடைசியாக உள்ளே நுழைந்தார். பாதிப் பேர் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். காலி நாற்காலியும் இல்லை.

“ஃபாதர், நீங்க அதை வாசிச்சது இன்னைக்குக் காலையிலயா, போன வருஷமா?” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மூன்று பேர் எழுந்தார்கள். ஃபாதர் அதுவரை தட்டைத் தொட்டிருக்கவில்லை.

அன்று மாலை விடுதியின் சின்ன அரங்கில் திருப்பலி. சமாதானம் பகிரும்போது வழக்கம்போலத் தெரிந்த முகங்களைத் தேடிப் போனார்கள். நற்கருணை வரிசையில்தான் வட்டங்கள் கலைந்தன. ஏதோ விழாக் கணக்கில் முறைத்துக்கொண்டு ரொம்ப நாளாகப் பேசாத இருவர் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டியதாயிற்று. அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே கையிலிருந்து வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் டெல்ஃபி. பேரவையில் மூத்தவர் ஒருவர் தன் முன் சீட்டை அந்த அக்காவுக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். பாடகர் குழு மட்டும் பயணம் முடியும்வரை இடத்தைவிட்டு அசையவே இல்லை.