இரண்டாவது சர்வ்

டென்னிஸில் ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் அடியான சர்வுக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. முதல் சர்வ் தவறியதும் பலர் கையை இழுத்துப் பிடித்து, பந்தை மெதுவாகத் தட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மட்டையின் வேகம் குறையவே கூடாது. அந்த வேகம் பந்தைச் சுழற்றுவதில் போக வேண்டும். கான்டினென்டல் பிடியில், அதாவது சுத்தியலைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்து, பந்தைத் தலைக்கு நேர் மேலே தூக்கிப் போட்டு, மட்டையால் கீழிருந்து மேலாக உரசுங்கள். வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போகும் பந்தைக்கூட அந்தச் சுழற்சி எதிர்ப்பக்க சர்வ் கட்டத்துக்குள் இறக்கிவிடும்.

சரி, எங்கே அடிப்பது? வலை நடுவில் 91 சென்டிமீட்டர், கம்பத்தருகே 107. அதனால் நடுக்கோட்டை ஒட்டி அடிப்பதில் ஆபத்து குறைவு. எனக்கு ரொம்பப் பிடித்தது எதிராளியின் உடம்பைப் பார்த்து அடிப்பதுதான். கையை வீச இடமில்லாமல் திணறுவார், பந்து பெரும்பாலும் குட்டையாகத் திரும்பி வரும். உடனே முன்னேறி அடிக்கலாம்.