காய்ச்சல் வரிசையில் மாட்டிய குடல்வால்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கிய பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோவது சாதாரண நாளிலேயே பெரும்பாடு. 2020 மார்ச் 25ல் கொரோனா ஊரடங்கு போட்டதற்கு அப்புறம் அது என்ன பாடாச்சு என்று கூடப் போனவர்களுக்குத்தான் தெரியும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள். தியேட்டர் வாசல் வரை போய்ச் சேருவதுதான் கதை.

முதல் கோட்டை விட்டது ஓ.பி. வாசலில். "என்ன செய்யுது?" என்றதும் "காய்ச்சல்" என்று ஆரம்பித்தோம். தீர்ந்தது. நேரே காய்ச்சல் வரிசை, மூக்கில் குச்சி, ரிசல்ட் வரும்வரை உட்காரு. வலிதான் முதலில் வந்தது, தொப்புளைச் சுற்றி. அப்புறம் வாந்தி, வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது, காய்ச்சல் கடைசியில். இந்த வரிசையை மணிக்கணக்கோடு சொல்லுங்கள். வாந்தி, பேதி முந்தி, வலி பிந்தி என்றால் பெரும்பாலும் வேறு சங்கதி. சீட்டில் காய்ச்சல் மட்டும் எழுதியிருந்தால், "வயித்து வலியும் எழுதுங்க சார்" என்று நின்று எழுதி வாங்குங்கள்.

உயிரைக் காப்பாற்றும் அவசர ஆபரேஷனுக்கு கொரோனா ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு கவச உடையோடு செய்யலாம். வலி தொடங்கி ஒன்றரை நாள் தாண்டினால் குடல்வால் ஓட்டையாகும் ஆபத்து ஏறும். வலியைச் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். நடுவில் வலி சட்டென்று விட்டால் சந்தோஷப்படாதீர்கள். வெடித்ததும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், பிறகு வயிறு பலகையாக இறுகும்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கொரோனா வந்துபோன சில வாரத்தில் சில பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அழற்சி வந்து, அச்சாக இதே வயிற்று வலி இருக்கும், குழப்பம் வரத்தான் செய்யும். கண் சிவப்பு, தோலில் தடிப்பு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்போது 108 ஆம்புலன்ஸுக்கு இ-பாஸ் (பயண அனுமதி) வேண்டியதில்லை, சொந்தக் காருக்கு வேண்டியிருந்தது. கிளம்புமுன் போன் போட்டு, சர்ஜனும் மயக்க டாக்டரும் இரண்டு பேருமே டூட்டியில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். நாங்கள் கேட்காததால் ஒரு ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியது தண்டம். வழியில் வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். பரமக்குடி தாண்டி அழுகையை அடக்கக் கொடுத்த ஒரு பிஸ்கட்டுக்கு, திட உணவென்றால் மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் விட வேண்டும் என்று மயக்க டாக்டர் கணக்குப் பார்த்தார்.

அப்போது உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அம்மா வார்டுக்குள், ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் கேட்டுக்கு வெளியே அப்பா சட்டைப் பையில்! உள்ளே போகிறவர் கையில் அசல், போனில் போட்டோ. வெளியே நிற்பவரிடம் ஜெராக்ஸ் போதும்.