மாதவரத்தில் காய்கறி ஏற்றுமதிக்கு ஒரு பேக்ஹவுஸ்: நாங்கள் போட்டு முடித்த விதம்

'துறைமுகம் பக்கத்திலேயே இருக்கு, மாதவரத்தில் ஒரு குடோன் பிடித்தால் பாதி வேலை முடிந்தது' என்று எல்லாரும் சொன்னார்கள். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் சரிதான். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற நாளில் அந்தக் கணக்கு உதவாது. அதனால் பேக்ஹவுஸ், அதாவது காயைக் கழுவி, தரம் பிரித்து, பேக் செய்கிற கூடம், போட இறங்கிய நானும் என் மச்சானும் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டோம், சரக்கு எங்கள் கதவைத் தாண்டிய பிறகு அதை யாரும் வழியில் பிரிக்கிற நிலை முடிந்தவரை வரக்கூடாது.

காகித வேலை பெரிய கஷ்டமில்லை. ஏற்றுமதி இறக்குமதி எண், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ், வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபெடாவில் பதிவு எல்லாமே ஆன்லைன்தான்.

கட்டடம்தான் எங்களைப் படுத்திவிட்டது. நாங்கள் பிடித்தது பழைய லாரி குடோன், தரை ரோட்டு மட்டத்தில் இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படியே விட மாட்டார்கள். நாலடி உயர்த்தினோம். கன்டெய்னர் டிரெய்லரின் தளமும் கிட்டத்தட்ட அதே உயரம் என்பதால் பெட்டிகளைத் தலையில் தூக்காமல் டிராலியிலேயே நேராக உள்ளே தள்ள முடிகிறது. வந்த காய் ஒரு பக்கம் இறங்க வேண்டும், கழுவி, தரம் பிரித்து, பேக் ஆகி மறுபக்கம் வெளியேற வேண்டும், இரண்டும் நடுவில் சந்திக்கக்கூடாது. பூச்சி வலை, விளக்குகளுக்கு உடையாத மூடி, கை கழுவும் இடம் என்று அங்கீகாரம் கொடுக்க வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே போவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஐரோப்பாவுக்குக் காய் அனுப்புவதென்றால் அபெடா அங்கீகாரம் பெற்ற பேக்ஹவுஸ் வழியாகத்தான் போக வேண்டும். 2014-இல் நம் மாம்பழத்தையும் பாகற்காய், கத்தரிக்காய் முதலான சில காய்களையும் பூச்சி இருந்ததென்று ஐரோப்பாக்காரர்கள் நிறுத்தி வைத்தது இந்தத் தொழிலில் யாருக்கும் மறக்கவில்லை.

அடுத்து குளிர் அறை. ஒரே பெரிய ரூமாகப் போட்டால் செலவு குறையும் என்றார் கான்ட்ராக்டர். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், வெண்டைக்கு 7 முதல் 10 வேண்டும், கேரட்டுக்கு 0 பக்கம் இருக்க வேண்டும். பழுக்கத் தொடங்கிய வாழை விடுகிற எத்திலீன் வாயுவில் பக்கத்திலிருக்கும் வெள்ளரி சீக்கிரமே மஞ்சளடிக்கும். சின்ன வெங்காயத்துக்கோ குளிரைவிடக் காய்ந்த காற்றுதான் முக்கியம். இதையெல்லாம் ஒரே அறையில் எப்படி வைப்பது? சின்னதாக இரண்டு ரூம் போட்டோம், வெங்காயத்துக்கு ஃபேன் வைத்த தனி இடம். கரண்ட் பில்லைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பாரிமுனையில் இருக்கும், எங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அண்ணன் ரீஃபர், அதாவது குளிர்சாதனக் கன்டெய்னர், பற்றிச் சொன்ன ஒரு விஷயத்தை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். "தம்பி, ரீஃபர இன்னான்னு நெனச்ச? உள்ள இருக்கிற குளிர அது காப்பாத்தும், அவ்ளோதான். சூடா ஏத்தினா அது ஆறுறதுக்குள்ள காய் கெட்டுடும்." அதனால் முன்கூட்டியே குளிரவைத்து, காயின் உள்ளே தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம்.

சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று கொடுக்கிற தாவரப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான அலுவலகம் மீனம்பாக்கத்தில், நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. முதல் சோதனைக்கு வந்த அதிகாரி எந்தப் பெட்டி என்று அவரே கை காட்டினார். வாழைச் சீப்பில் காய்க்கும் காய்க்கும் நடுவே விரலை விட்டு விலக்கி, டார்ச் அடித்து, லென்ஸில் மாவுப்பூச்சி தேடினார். கறிவேப்பிலைக் கொத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினார், விழுந்த தூசியில் எதுவாவது நகர்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட்டைத் திருப்பச் சொல்லி, மரத்திலிருக்கும் பூச்சி சாகச் செய்கிற வெப்பச் சிகிச்சையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். அந்த முத்திரை இல்லாத மரம் போய்ச் சேர்ந்த நாட்டில் சரக்கோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எங்களுக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது கஸ்டம்ஸின் சுய சீல் அனுமதி. அதிகாரிகள் ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால், கன்டெய்னரை நம் இடத்திலேயே நிரப்பி மின்னணு சீல் போட்டு நேராகத் துறைமுகத்துக்கு அனுப்பலாம். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அங்கே திறப்பார்கள், அது அவர்கள் உரிமை. மற்றபடி வெயிலில் யார்டில் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருக்கிற வேலை கிடையாது.

வரிசையில் நிற்கும்போது கன்டெய்னரின் குளிர் இயந்திரம் டிரெய்லரில் இருக்கும் ஜென்செட்டில்தான் (டீசல் ஜெனரேட்டர்) ஓடுகிறது, டீசல் தீர்ந்தால் குளிரும் போச்சு. கிளம்பும் முன் டிரைவர் அண்ணனோடு நானே போய் டேங்க்கைப் பார்த்துவிடுகிறேன். என்னைக் கேட்டால், வடசென்னையில் அரசு செலவழித்துப் பொது மையம் கட்டுவதென்றால் பெரிய குளிர் அறையைவிட, ரீஃபர்களை நிறுத்திச் சொருக நிறைய பிளக் பாயின்ட்டும், அதிகாரிகள் தினமும் உட்கார ஒரு சோதனை அறையும்தான் முதலில் வேண்டும். சின்ன ஏற்றுமதியாளர் தனியாகப் போட முடியாதது அதுதான்.

இப்போதைக்கு நாங்கள் கப்பலின் கட்-ஆஃப், அதாவது சரக்கு துறைமுகத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஓட்டுகிறோம். துறைமுக கேட்டுக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்கி, அதற்கு முன்னால் சோதனை, அதற்கு முன்னால் குளிரவைப்பது என்று போட்டுப் பார்த்து, அப்புறம்தான் காய் அனுப்பச் சொல்லி ஒட்டன்சத்திரத்துக்கும் தேனிக்கும் போன் போடுகிறோம்.